சின்னத்துரையின் கல்லைப் பார்க்கப் போனது

நானும் ஒரு தரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகக் கொழும்பு பார்க்கப் போனவள்தான் என்று சொன்னால், என்னோடு ஒரே மலையில் கொழுந்து பறித்த உங்களிலேயே பலர் நம்பமாட்டீர்கள். நீங்கள் அந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் என்று ஒன்று இருக்கவில்லை. உர மூட்டைகள் அடுக்கிய அறை ஒன்று இருந்தது. அதன் சுவரில் கரியால் எழுதிய எழுத்துகளைப் பார்த்து, யார் எழுதியது என்று ஒருமுறை என்னிடம் கேட்டீர்கள். நான் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். இப்போது எனக்கு ஒளிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கேட்டவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடும் இல்லை. ஆகையால் எழுதுகிறேன். எழுத்தைப் பள்ளியில் முடித்துப் படித்தவள் அல்லேன். கடைச்சாமான் சுற்றி வந்த தாள்களைப் பார்த்துப் பழகியவள். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் ஹல்துமுல்லைக்குக் கீழே சரிவில் இருந்தது. ஆடி மாதத்துக் கச்சான் காற்று மலையிடுக்கு வழியே புகுந்து நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீடுகளின் தகரங்களை உலுக்கும். பள்ளிக்கூடம் கோப்பிக் காலத்துப் பழைய சாமான் அறை. கூரை பறந்து போகாதிருக்கத் தகரத்தின்மேல் கற்களை ஏற்றி வைத்திருந்தார்கள். காற்று பலத்தால் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி நிற்பார். தகரம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்தே தொடருவார். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த மனிதர். ஒரே ஒரு கறுப்புக் கோட்டு வைத்திருந்தார். தமிழ் எழுத்து பிடிபட்ட பிள்ளைகளுக்கு இங்கிலீசு எழுத்தும் கற்பித்தார். அந்த அளவுக்கு வந்தவர்கள் இருவர்தான்: நான் ஒருத்தி, மற்றவன் பூனைக்கண்ணன்.

பூனைக்கண்ணன் என்பது தோட்டம் அவனுக்கு இட்ட பெயர். அவனுடைய கண்கள் சாம்பல் நிறம்; தலைமயிர் சோளநாரின் நிறம். அவனுடைய தாய் எங்கள் லயத்தின் கடைசி அறையான காம்பராவில் தனியாக இருந்தாள். கழுத்தில் தாலி கிடையாது. அவள் கன்னிப்பெண்ணாக இருந்த காலத்தில் பங்களாவில் துணி தோய்க்கும் வேலைக்குப் போனவள். அப்போது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரையின் உடன்பிறந்த தம்பி எங்கள் தோட்டத்தில் சின்னத்துரையாக இருந்தார். பிள்ளை பிறந்த அடுத்த வருடமே அவர் சீமைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். திரும்பி வரவில்லை.

அவர் இறந்த செய்தி வந்த அன்று எல்லோரையும், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் கூட்டி, தலைப்பாகையைக் கழற்றி நிற்கச் சொன்னார்களாம். அன்று மாலை அவளுடைய கைகளில் வளையல் இல்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வழுக்கி விழுந்ததில் உடைந்துவிட்டதாகச் சொன்னாளாம். இரண்டு கை வளையலும் ஒன்று மிச்சமில்லாமல் உடைவது எப்படி என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளை யாருடையவன் என்பது பெரிய துரைக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், பீலியில் குடம் பிடிக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். வாயால் மட்டும் எவரும் சொல்லவில்லை. சொல்லாதவரையில் அவளுக்குக் காம்பரா இருந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இருந்தது.

நான் சொல்லும் வருடத்தில் அவனுக்குப் பத்து வயது நிறையவிருந்தது. பத்து நிறைந்தால் செக்ரோல் என்ற கூலிக்கணக்கில் பெயர் ஏறும், மலைக்குப் போகவேண்டும். பதுளையில் விடுதியோடு ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. துரை ஒரு கடிதம் கொடுத்தால் அங்கே அவனைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று வாத்தியார் விசாரித்து வைத்திருந்தார். அந்தக் கடிதத்துக்காக அவனுடைய தாய் வாத்தியாருடைய வாசலுக்கு எத்தனை முறை நடந்தாள் என்பது எனக்குத் தெரியும். அவள் போகும் வழி எங்கள் வீட்டு அடுப்படியைத் தாண்டித்தான் போகும்.

அந்தச் சமயத்தில்தான் கொழும்புக் கடற்கரையில், போரில் இறந்தவர்களுக்காக ஒரு கல் எழுப்பி, அதில் சின்னத்துரையின் பெயரையும் வெட்டியிருப்பதாகச் செய்தி வந்தது. தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் அதன் அடியில் பூவளையம் வைப்பதைப் படம் பிடித்துச் சீமையில் இருக்கும் சின்னத்துரையின் தாயாருக்கு அனுப்பவேண்டும் என்று பெரிய துரையின் மனைவி துரைசாணி விரும்பினார். அப்படியே பிள்ளைகளுக்கு நூதனசாலையையும் காட்டிவிடலாம் என்றும் சொன்னார். பெரிய துரை சம்மதித்தார். பயணம் ஒழுங்காக முடிந்து, படமும் நன்றாக வந்தால், பதுளைக் கடிதத்தில் கையெழுத்து வைப்பதாக வாத்தியாரிடம் வாய்மொழியாகச் சொன்னார்.

ஐந்து ஆண்பிள்ளைகளும் மூன்று பெண்பிள்ளைகளும் தெரிவானோம். பெண்பிள்ளைகள் போவதால் துணைக்கு வயதுவந்த ஒரு பெண் போயாகவேண்டும். வாத்தியாரின் மனைவி நிறைமாதம். கடைசிக் காம்பராக்காரி தானே வந்து கேட்டாள். நான் அப்போது பள்ளிக்கூடத்துக்குள் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நீ வர்றது நல்லதில்லம்மா,” என்றார் வாத்தியார்.

“புள்ளைங்களுக்குச் சோறாக்கிக் குடுக்க ஒரு ஆளு வேணும்ல. நான் வாயத் தொறக்கவே மாட்டேங்க.”

வாத்தியார் மைக்கூட்டை இழுத்து வைத்தார். பிறகு ஆபீசுக்கு அனுப்பும் தாளில், ‘துணைக்கு ஒரு ஸ்திரீ’ என்று மட்டும் எழுதினார். பெயர் எழுதவில்லை. அவர் செய்தது இரக்கத்தினால். ஆனால் இரக்கத்தினால் விடப்பட்ட அந்த இடத்தைத்தான் பின்னால் துரை விரல் வைத்துக் காட்டினார்.

ஹப்புத்தளை வரை மாட்டுவண்டி. அங்கிருந்து ரயில். எல்லோரும் கம்பளி போர்த்தியிருந்தோம். ரயில் இறங்க இறங்கக் கம்பளி முதுகில் நெருப்பாகச் சுட்டது; கழற்றினால் தொலைந்துபோகும் என்று ஒருவரும் கழற்றவில்லை. ஒவ்வொரு சுரங்கத்திலும் புகை உள்ளே வந்து முகத்தில் கரி அப்பியது. எங்கள் வயதுக்காரி ஒருத்தி, இருட்டில் யாரோ தன் ரொட்டியைக் கடித்துவிட்டார்கள் என்று வழியெல்லாம் வழக்குத் தொடுத்தாள். பூனைக்கண்ணன் எதிலும் கலந்துகொள்ளவில்லை. சிலேட்டை மடியில் வைத்து, ஸ்டேசன்களின் பெயர்ப்பலகைகளில் இருந்த இங்கிலீசு எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதினான். எழுதிய ஒவ்வொன்றையும் அவனுடைய தாய் விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

கொழும்பில் கோவிலை ஒட்டிய ஒரு மடத்தில் தங்கினோம். மறுநாள் விடிந்ததும் கடற்கரைக்கு நடந்தோம். படம் பிடிக்கிறவர் வெயில் ஏறியபின் வருவதாக ஏற்பாடு. நாங்கள் அதற்கு வெகுமுன்னே போய்விட்டோம். சீக்கிரம் கிளம்பவேண்டும் என்று வாத்தியாரை அவசரப்படுத்தியவள் அவள்தான். ஏனென்று எனக்கு அப்போது தெரியாது. அன்று ஆடி அமாவாசை.

கடலைப் பற்றி நீங்கள் என்னிடம் கேட்கவேண்டாம். முதன்முதலில் பார்த்த கடலைப் பற்றி என்னால் ஒரு சொல்லும் நினைவுகூர முடியவில்லை. அன்று நடந்த மற்றது அதை மூடிவிட்டது. கல் மட்டும் நினைவிருக்கிறது. வெள்ளையாக, உயரமாக, அடியில் படிகளோடு நின்றது. ஆபீசில் எழுதிக் கொடுத்த துண்டுத்தாளைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் விரலை ஓட்டிப் பெயரைத் தேடினார். அவர் கண்டுபிடிப்பதற்குள், தாளை எட்டிப் பார்த்த பூனைக்கண்ணன் கண்டுபிடித்துவிட்டான். சீமைப் பெயர், நீளமானது. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, இரண்டு தரம் தப்பி, மூன்றாம் தரம் சரியாக வாசித்தான். அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன்.

அவள் அந்தப் பெயரை அதற்குமுன் முழுதாகக் கேட்டதில்லை. பிள்ளையின் தகப்பனுக்குத் தோட்டத்தில் சின்னத்துரை என்பதைத் தவிர வேறு பெயரில்லை. அவள் வாத்தியாரைப் பார்த்து, மற்றப் பிள்ளைகளை அலைபக்கம் கூட்டிப்போகும்படி மெதுவாகக் கேட்டாள். வாத்தியார் அவளையும் கல்லையும் பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஆள் நடமாட்டம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை. என்னை மட்டும் அவள் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள், செம்பு பிடிக்க ஆள் வேண்டுமென்று.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே கறுப்பு எள். தோட்டத்திலிருந்து இடுப்பில் செருகிக் கொண்டுவந்தது. ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. செம்பில் கடல்நீர் மொண்டு வந்தோம். பையனைத் தெற்குப் பார்த்து உட்கார்த்தி, தர்ப்பைக்குப் பதிலாகத் திடலில் பிடுங்கிய புல்லை விரலில் சுற்றிவிட்டாள். உள்ளங்கையில் எள்ளை வைத்தாள். நான் நீரை ஊற்றினேன். அவன் விரல்வழியே இறைத்தான்.

“பேரச் சொல்லுடா.”

சொன்னான்.

“அப்பான்னும் சொல்லு.”

அதைச் சொல்ல அவனுக்கு நேரமானது. பெயரைத் தடுமாறாமல் சொன்னவன் இந்தச் சொல்லுக்குத் தடுமாறினான். மூன்று முறை சொல்லி முடித்ததும், அவள் ஈரமான எள்ளை ஒன்று விடாமல் கல்படியிலிருந்து வழித்து, கடலில் கொண்டுபோய்ப் போட்டாள். படியை முந்தானையால் துடைத்தாள். அழவில்லை. ஒரு வேலையை முடித்தவள் கையை உதறுவது போல உதறிக்கொண்டாள். அன்று அவள் செய்தது இவ்வளவுதான். இதில் எவருக்கும் ஒரு தீங்கும் இல்லை.

பிறகு படம் பிடிக்கிறவர் வந்தார். பூவளையத்தோடு எங்களை நிறுத்தினார். பையனுடைய தாய் படத்துக்குள் வராமல் தள்ளி நின்றாள். திரும்பி நடக்கும்போது வாத்தியார் என் பக்கத்தில் வந்து, “நீ பாத்தது ஒன்னோட இருக்கட்டும் பாப்பா,” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

நூதனசாலையில் திமிங்கிலத்தின் எலும்பைப் பார்த்தோம். பஞ்சடைத்த சிறுத்தை ஒன்றைக் கண்டு, போன மாரியில் லயத்து நாயைத் தூக்கியது இதுதான் என்று ஒரு பையன் சாட்சி சொன்னான். இன்னோர் அறையில், கண்ணாடிக்குள்ளே, கொழுந்து பறிக்கும் பெண்ணின் மண்பொம்மை இருந்தது. கூடைக் கயிறு தலையில் இல்லாமல் தோளில் கிடந்தது. “இவளுக்கு அரைப் பேருதான்,” என்றாள் ரொட்டி வழக்காடியவள். அரைப்பேர் என்றால் அரைநாட் கூலி. வாத்தியார் உட்பட எல்லோரும் சிரித்தோம். பூனைக்கண்ணனுடைய தாய் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கண்ணாடியில் முகத்தை வைத்து அந்தப் பொம்மையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்துக்குத் திரும்பினோம். என் தகப்பனார் சில்லறைக் கங்காணி. முப்பது பேருக்குத் தலைவர். நேர்மையான மனிதர். ஆனால் நான் சொல்லும் எதையும் முழுதாகக் கேட்டதில்லை. திமிங்கிலத்தைச் சொன்னேன், கால் கழுவிக்கொண்டிருந்தார். சிறுத்தையைச் சொன்னேன், வெற்றிலை மடித்தார். அவருடைய முகம் என் பக்கம் திரும்பவேண்டும் என்ற ஒரே ஆசையில், செம்பு பிடித்ததைச் சொன்னேன். நான்தான் நீர் ஊற்றினேன் என்றேன். திரும்பினார். எள் கறுப்பா என்று கேட்டார். திசை கேட்டார். மூன்று முறை சொன்னானா என்று கேட்டார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். என் ஆயுளில் அவர் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

அவர் என்ன நினைத்தார் என்பது இன்று எனக்கு விளங்குகிறது. சீமையில் செத்து, உடலும் வந்து சேராமல், ஒரு பிடி எள்ளுக்கு வழியில்லாமல் அலைந்த உயிர் கரையேறிவிட்டது. அண்ணன்காரர் இதைக் கேட்டால் மனம் குளிருவார். நம்மவரில் எந்த அண்ணனும் குளிருவான். பெரிய துரையை என் தகப்பனார் அவ்வளவு நல்லவராக நினைத்திருந்தார். மறுநாள் வெள்ளைக் கோட்டைப் போட்டு, தலைப்பாகை கட்டி, தாம்பாளத்தில் தேங்காயும் எலுமிச்சம்பழமும் வைத்து, பங்களாவுக்குப் போனார். போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

“தொர ஒரு வார்த்த பேசலடி,” என்று என் தாயாரிடம் சொன்னார். “மூஞ்சி செவந்துபோச்சு. கண்ணு கலங்கிருச்சு. கூடப் பொறந்த பாசம், விடுமா.”

மூன்றாம் நாள் ஆபீஸ் வாசலில் எல்லோரையும் நிறுத்தினார்கள்: வாத்தியார், அவள், பூனைக்கண்ணன், என் தகப்பனார், நான். காலையிலேயே கணக்கப்பிள்ளை என் தகப்பனாருக்கு விசயத்தை உடைத்துவிட்டார். தம்பிக்கு இங்கே ஒரு பிள்ளை என்ற பேச்சு கல்லடியில், கொழும்பில், நாலு பேர் பார்க்கும் இடத்தில் நடந்துவிட்டது. அது சீமையில் தாயார் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று துரை குதித்தாராம். வரும் வழியில் என் தகப்பனார் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் சும்மா சொன்ன கதை என்று சொல்லிவிடு, அவர்கள் பிழைத்துப்போவார்கள் என்றார்.

பெரிய துரை தோட்டத்துத் தமிழ் பேசுவார். வாத்தியார் எழுதிய தாளை மேசையில் வைத்து, ‘ஒரு ஸ்திரீ’ என்ற இடத்தில் விரலை ஊன்றி, பெயர் ஏன் இல்லை என்றார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“குட்டி, நீ தண்ணி ஊத்தினதா?”

“இல்லைங்க தொர. நாங்க கடலுதாங்க பாத்தோம். எங்கப்பாக்கிட்ட வெளையாட்டுக்குச் சொன்னேன்.”

எவ்வளவு சுத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே வியப்பு. துரை நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கும் அது போதுமாயிருந்தது என்றுதான் நினைக்கிறேன்; அதை நம்பிவிட அவருக்கு விருப்பம் இருந்தது. மேசைமேல் இன்னொரு தாளும் இருந்தது. அது பதுளைக் கடிதமாக இருக்கலாம். வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். துரை ஏதோ முடித்துவிடுகிறவரைப் போலப் பையனைப் பார்த்துக் கேட்டார்.

“அந்தக் கல்லுல நீ என்ன செஞ்சது?”

எங்கள் எல்லோருடைய கண்ணும் அவன்மேல் இருந்தது. அவன் பொய் சொல்லத் தெரியாதவன் அல்லன். சிலேட்டை உடைத்துவிட்டுக் காற்றின்மேல் பழி போட்டவன்.

“எங்கப்பா பேர வாசிச்சேங்க,” என்றான். “தப்பில்லாம வாசிச்சேன்.”

தாய் அவனுடைய வாயைப் பொத்தினாள். அதற்குள் அந்தப் பெயரையும் சொல்லிவிட்டான். துரை எழுந்தார். அவருடைய கண்ணும் அதே சாம்பல் நிறம் என்பதை அப்போதுதான் கவனித்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கணக்கப்பிள்ளை கையில் அவளுக்கும் வாத்தியாருக்கும் பத்துச்சீட்டு வந்தது. வேலையை விட்டு நீக்கும் சீட்டு. வாங்கியவர் அந்தி சாய்வதற்குள் தோட்டத்து எல்லையைத் தாண்டவேண்டும். வாத்தியாருக்கு மட்டும், மனைவியின் நிலைமைக்காக, ஒரு வாரம் கொடுத்தார்கள். என் தகப்பனார் தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு பங்களா வாசலில் பொழுது போகும்வரை நின்றார். துரை வெளியே வரவில்லை. பிறகு கணக்கப்பிள்ளை வந்து, நீக்கப்பட்டவர்களை எல்லைவரை கொண்டுபோய் விடவேண்டியது அந்தந்தக் கங்காணியின் கடமை என்பதை நினைவூட்டினார்.

நானும் பின்னால் போனேன். ஒரு பெட்டி, ஒரு சட்டி, சுருட்டிய கம்பளி. கச்சான் காற்று கம்பளியை அவிழ்க்கப் பார்த்தது. என் தகப்பனார் அதை வாங்கித் தம் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எல்லைக்கல் வந்ததும் திருப்பிக் கொடுத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைச் சொல்லவிடவில்லை.

“நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தாங்க போய்ச் சொன்னீங்க, கங்காணியய்யா. அது எனக்குத் தெரியும். அதனாலதான் வயிறெரிஞ்சு ஒரு சாபம் விடக்கூட முடியல.”

என்னை அவள் பார்க்கவில்லை. பூனைக்கண்ணன் பார்த்தான். நான் பொய் சொன்னதை அவன் கேட்டிருந்தான். உண்மையைச் சொன்னதும் நான்தான் என்பது அவனுக்கு யாராவது சொல்லியிருப்பார்களோ, தெரியாது. அவர்கள் கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும் பாதையில் போனார்கள். எந்தத் தோட்டம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது, சேர்த்துக்கொண்டதா என்பதை அறிய நான் முயன்றதில்லை. முயலாததற்குக் காரணம் துணிவின்மை. வேறு காரணம் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

வாத்தியார் போன மறுநாள் பள்ளிக்கூடத்து அறையில் உர மூட்டைகள் இறங்கின. கொழும்பு பார்த்து வந்த மற்றப் பிள்ளைகளின் பெயரெல்லாம் வயது பாராமல் செக்ரோலில் ஏறின. அடுத்த நாள் விடியற்காலையில் வேலைக்கு அழைக்கும் தப்புப் பறையை அடித்தார்கள். பனியில் பெரட்டுக்களத்தில், என் தாயாரின் பழைய கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, பெண்பிள்ளைகளின் வரிசைக் கடைசியில் நின்றேன். பெயர் கூப்பிட்டவர் என் தகப்பனார். முப்பது பெயரையும் ஒரே குரலில் கூப்பிட்டவர், கடைசியில் என் பெயருக்கு வந்ததும் நிறுத்தினார். முதல்நாள் போட்ட எண்ணெயில் படிந்திருந்த தலைமயிரைத் தடவிக்கொண்டார். பங்களா வாசலில் கையில் பிடித்து நின்ற தலைப்பாகையைக் கட்டாமல் வந்திருந்தார். பிறகு என் முகத்தைப் பாராமல் என் பெயரைக் கூப்பிட்டார்.

“இருக்கேங்க,” என்றேன்.